மூச்சு போகும் பாதையில்

"குடிக்காதேங்கோ!"

எதிரே ஆஸ்பத்திரி வாசலில் நின்று அமராவதி போட்ட சத்தத்தில் தேநீர்க்கடை வாங்கில் இருந்த நாலு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவள் கத்தியது அவர்களைப் பார்த்து அல்ல. தூணோரம் சாய்ந்து நின்ற ஒரு நெடியவனைப் பார்த்துத்தான். தகரக் கூரையில் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. பங்குனியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்த மழை... அதற்கு ஒதுங்கி நின்றவன், ஆவி பறக்கும் தேத்தண்ணிக் கோப்பையை உதட்டில் வைத்தபடி அப்படியே உறைந்துபோனான்.

அவனுடைய சட்டைப் பையிலிருந்து ஒரு ரோஸ் நிறக் கடதாசித் துண்டு எட்டிப் பார்த்தது. அந்தத் துண்டை எழுதியவளே அவள்தான். முந்தின நாள் உட்கார்ந்து பதினொரு பேருக்கு எழுதியிருந்தாள். விடியற்காலையிலிருந்து சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை என்று ஒவ்வொன்றிலும் அடிக்கோடு போட்டிருந்தாள்.

குடையை மறந்து தெருவைக் கடந்து ஓடினாள். அவன் கையிலிருந்த கோப்பையைப் பறித்தாள். பறித்த வேகத்தில் பாதித் தேத்தண்ணி அவளுடைய வெள்ளைச் சட்டையிலேயே கொட்டியது.

"என்ன மிஸி... தேத்தண்ணி வேணுமெண்டா கேட்டிருக்கலாமே? வாங்கித் தந்திருப்பன்."

"உங்களுக்கு இண்டைக்குக் குழாய் விட்டுப் பார்க்கிற நாளல்லோ? துண்டை வாசிச்சனீங்களோ இல்லையோ?"

"வாசிச்சனான்."

"என்ன எழுதிக் கிடக்கு?"

"தண்ணி குடிக்கக் கூடாதெண்டு." அவன் அவள் கையிலிருந்த கோப்பையை ஏக்கத்தோடு பார்த்தான். "இது தேத்தண்ணிதானே..."

வாங்கில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடைக்கார யோகலிங்கம் அண்ணைகூடத் தேத்தண்ணி வடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அமராவதிக்கு முகம் சிவந்தது.

"எத்தினை மிடறு குடிச்சனீங்கள்?"

"ஒண்டு... ஒண்டரை."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. சாதாரண இருமல் இல்லை... அடி நெஞ்சிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த இருமல். தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். லேஞ்சியை வாயில் வைத்தான். எடுத்து மடித்துச் சட்டென்று பைக்குள் திணித்துக்கொண்டான்.

அவள் பார்த்துவிட்டாள். லேஞ்சியில் ஒரு சிவப்புப் பொட்டு.

அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். ஒரு கணம்தான்... அந்தக் கணத்தில் அவன் கண்களில் குறும்பு இல்லை. குளம் நிரம்பி, வான் வழியே வெளியே பாயப் போகிற நேரத்தில் ஒரு அமைதி இருக்குமே... அந்த அமைதிதான் இருந்தது. உள்ளே எவ்வளவு பயம் தேங்கிக் கிடக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வாங்கோ," என்றாள் மெதுவாக. "டொக்டரிட்டச் சொல்லுவம்."

அது பேச்சுவார்த்தைக் காலம். வெடிச்சத்தம் ஓய்ந்து, பாதைகள் கொஞ்சம் திறந்து, வெளிநாட்டிலிருந்து சிலர் ஊர் பார்க்க வந்துபோன மாதங்கள். டொக்டர் அருந்ததியும் அப்படித்தான் வந்திருந்தார். தண்ணீரூற்று ஊரில் பிறந்து, இருபது வருடங்களாக வெளிநாட்டில் நெஞ்சு வைத்தியம் பார்ப்பவர். மூன்று வார லீவில் வந்தவர், ஒரு கறுப்புப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். அதற்குள் பென்சில் மொத்தத்தில், நீளமாக, வளைந்து கொடுக்கும் ஒரு கறுப்புக் குழாய். நுனியில் சின்ன வெளிச்சம். மற்ற நுனியில் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடி. மூக்கு வழியாக அதை விட்டால் நெஞ்சுக்குள் போய்ப் பார்க்கலாம்.

கிளிநொச்சி முழுக்க அந்தக் கதைதான். மூக்குக்குள்ளால் பாம்பு மாதிரி ஒன்றை விடுகிறார்களாம்... மூச்சு நின்றுவிடுமாம்... முதல் நாள் கூப்பிட்ட எட்டுப் பேரில் ஐந்து பேர் சொல்லாமலே ஓடிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் டொக்டர், ஆஸ்பத்திரியில் தொண்டராக வேலை செய்த அமராவதியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ நல்லாக் கதைப்பாய். ஒவ்வொருத்தரையும் இருத்தி வைச்சு விளங்கப்படுத்து. என்ன நடக்கப் போகுதெண்டு தெரிஞ்சவனுக்குப் பயம் பாதியாக் குறையும்."

இப்போது அவளே ஒரு குற்றவாளியைக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். டொக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஒரு மிடறோ, ஒரு குடமோ... எனக்கு ரெண்டும் ஒண்டுதான் தம்பி. தொண்டை விறைச்சிருக்கிற நேரத்தில வயித்தில கிடக்கிறது மேல வந்து நெஞ்சுக்குள்ள இறங்கினா, வந்த வருத்தத்தைவிடப் பெரிய வருத்தமாப் போயிடும். கடைசி ஆளா வையுங்கோ. பின்னேரம் மூண்டு மணி."

அப்படித்தான் அவனுக்கும் அவளுக்கும் ஒரு முழுப் பகல் கிடைத்தது.

பெயர் கிருபன். வயது இருபத்தெட்டு. அக்கராயனில் குளத்துக்குக் கீழே நெல்வயல். விறாந்தை வாங்கில் இருந்துகொண்டு, அவள் கடக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கை உயர்த்தினான்.

"மிஸி... எச்சில் விழுங்கலாமோ?"

"விழுங்கலாம். நான் தாதிப் படிப்புப் படிச்ச மிஸி இல்லை, தொண்டர்."

அடுத்த முறை...

"தொண்டர்... கொட்டாவி விடலாமோ?"

"வாயை மூடிக்கொண்டு விடுங்கோ!"

அதற்கடுத்த முறை அவன் கை உயர்த்தவில்லை. அவள்தான் ஏனோ நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்குத் தெரியாமலே போய் வாங்கின் மற்ற நுனியில் உட்கார்ந்தாள். கையில் கேள்விக் கடதாசி இருந்தது... அதுவே சாட்டு.

"பல்லுக் கட்டினதோ?"

"பெண் பார்க்க வந்த மாதிரிக் கேக்கிறியள்... எல்லாம் சொந்தப் பல்லுத்தான்."

"பகிடி வேண்டாம். கழட்டிற பல்லு இருந்தாக் கழட்ட வேணும். முட்டு வருத்தம் இருக்கோ? ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதோ? இரத்தம் இளக்கிற குளிசை போடுறியளோ?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"உண்மையைச் சொல்லுங்கோ. மூச்சு நிண்டிடுமோ?"

அவள் கடதாசியை மடித்து மடியில் வைத்தாள்.

"உங்கட வாய்க்காலுக்குள்ள நடுவில ஒரு நாணல் முளைச்சு நிண்டா, தண்ணி நிண்டு போகுமோ?"

"இல்லை... சுத்திக்கொண்டு போகும்."

"அப்பிடித்தான். அந்தக் குழாய் மெல்லிசு. மூச்சு அதைச் சுத்திக்கொண்டு போய் வரும். ஒட்சிசனும் மூக்கால தருவினம். முதல்ல தொண்டைக்கு ஒரு மருந்து அடிப்பினம்... வேப்பங்கொழுந்து மாதிரிக் கைக்கும். பிறகு விறைச்சுப்போகும். தொண்டைக்குள்ள கட்டி ஒண்டு நிக்கிற மாதிரி இருக்கும். விழுங்கேலாதெண்டு நினைப்பியள். அது விறைப்பு மட்டுந்தான். குழாய் இறங்கேக்க இருமல் வரும்... எல்லாருக்கும் வரும். நோகாது, ஆனா அந்தரமா இருக்கும். கதைக்க மட்டும் ஏலாது. ஏதும் சொல்ல வேணுமெண்டா இடக்கையைத் தூக்குங்கோ. டொக்டர் உடன நிப்பாட்டுவா."

"நீங்கள் எங்க நிப்பியள்?"

"பக்கத்திலதான்."

"கட்டாயம்?"

"கட்டாயம் நிப்பன்."

சொன்ன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது. மற்றவர்களுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள்... ஆனால் அப்போதெல்லாம் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லையே?

அவன் மெல்லத் தன் கதையைச் சொன்னான். போன வருட நெல் சூடடிப்போடு தொடங்கிய இருமல். எக்ஸ்ரேயில் வலப்பக்கம் ஒரு நிழல். சயரோகமாக இருக்கலாமென்று ஆறு மாதம் மருந்து. குறையவில்லை... மெலிந்தான். பிறகு இரத்தம். நிச்சயமாகியிருந்த கலியாணத்தைப் பெண் வீட்டார் நிறுத்தினார்கள். கூட்டாளிகள் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு இருந்து கதைக்கத் தொடங்கினார்கள். இனிச் சயரோகம் இல்லை, அதைவிடப் பெரிசாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

"அம்மா மட்டுந்தான் என்ர கோப்பையை வேற ஆக்கேல்லை," என்றான். "நான் குடிச்சுப் போட்டு வைச்ச கோப்பையில வேணுமெண்டே குடிப்பா."

அந்த அம்மாவைப் பார்க்காமலே அமராவதிக்குப் பிடித்துப்போயிற்று.

அம்மா வந்தபோது மத்தியானம் திரும்பியிருந்தது. மழையில் நனைந்த சேலை, கையில் தூக்குச்சட்டி. "கஞ்சி கொண்டந்தனான் ராசா..." என்று மூடியைத் திறக்கப் போனவரை அமராவதி சிரித்துக்கொண்டே தடுத்தாள்.

"இன்னும் குடுக்கக் கூடாது அம்மா. எல்லாம் முடிஞ்சு ரெண்டு மணித்தியாலம் போக வேணும்."

"அம்மா, இவாதான் எல்லாம் விளங்கப்படுத்தினவா," என்றான் கிருபன். அவன் குரலில் இருந்த பெருமையை அவள் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

அம்மா சிவனேஸ்வரியின் முகம் மலர்ந்தது. "நல்ல பிள்ளை. எந்த இடம் பிள்ளை?"

"விசுவமடு அம்மா."

"ஆற்றை மகள்?"

"ஆண்டியப்பன்."

அந்தப் பெயரிலேயே எல்லாம் இருந்தது. சிவனேஸ்வரியின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்ததை அமராவதி பார்த்துக்கொண்டே நின்றாள். முதல் தரமா என்ன? எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்தபோது, ஆறு வயசு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வன்னிக்கு வந்தவர் அப்பா. காடு வெட்டி மிளகாய் போட்டு, கிணறு வெட்டி, பதினெட்டு வருடமாகிவிட்டது. இன்னும் அந்தச் சிரிப்புகள் இப்படித்தான் வடிந்துகொண்டிருந்தன.

"ஓ... தோட்டத்து ஆக்களே." சிவனேஸ்வரி தூக்குச்சட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். "உள்ள வேற மிஸிமார் ஒருத்தரும் இல்லையோ பிள்ளை? பெரிய வேலையல்லோ... எங்கட ஆக்கள் ஆரும் பக்கத்தில நிண்டா நல்லம்."

அமராவதி கிருபனைப் பார்த்தாள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையிலிருந்து ஓயாமல் கதைத்த வாய்... இப்போது ஒரு சொல்... ஒரே ஒரு சொல் சொல்லக் கூடாதா? "டொக்டரிட்டச் சொல்லுறன் அம்மா," என்றுவிட்டு உள்ளே நடந்தாள். நடை தடுமாறாமல் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே இராசேஸ்வரி மிஸி கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, கடைசி ஆளுக்கு நீங்கள் நிக்கிறியளோ?"

டொக்டர் அருந்ததி திரும்பினார். "ஏன்? உனக்கென்ன?"

"சும்மா..."

"அந்தத் தம்பி உன்னைக் கேட்டவன். நீ நிப்பனெண்டு சொன்னனியாம்."

அமராவதி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பேசவில்லைத்தான். ஆனால் வாக்குக் கொடுத்தது அவள். பயந்துபோன ஒரு நோயாளிக்குக் கொடுத்த வாக்கு... கைகளைக் கழுவப் போனாள்.

சாய்ந்த கதிரையில் அவனை இருத்தினார்கள். ஜெனரேற்றர் முழங்கிக்கொண்டிருந்தது. மருந்து அடித்தபோது முகத்தைச் சுளித்து அவளைப் பார்த்தான். கைக்கும் என்று சொன்னாயே, இவ்வளவு கைக்கும் என்று சொன்னாயா... என்பதுபோல. அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. விரலில் மாட்டும் கருவியை மாட்டினாள். ஒட்சிசன் குழாயைச் சரிசெய்தாள். டொக்டர் மூக்கில் வழுக்கும் மருந்தைப் பூசிக் குழாயை மெல்லச் செலுத்தினார். கண்ணை மூடிக்கொண்டான்.

மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அந்தக் குழாயில் இன்னொரு கண்ணாடியும் பொருத்தியிருந்தது. அதுவரை அமராவதி அதில் பார்த்ததில்லை.

"வா பிள்ளை," என்றார் டொக்டர். "இவ்வளவு பேருக்கு விளங்கப்படுத்தினாய். என்னெண்டு நீயும் ஒருக்காப் பார்."

குனிந்தாள். கண்ணை வைத்தாள்.

முதலில் வெளிச்சம் மட்டுந்தான்... பிறகு ஒரு இளஞ்சிவப்பு உலகம் திறந்தது. நடுவில் வெண்முத்து நிறத்தில் இரண்டு மெல்லிய மடிப்புகள். திறந்தன... மூடின... மறுபடி திறந்தன. தூங்கும் குழந்தையின் இமைகள் மாதிரி.

"இது என்ன டொக்டர்?"

"அதுதான் அவன்ர குரல்."

அவளுக்குப் புல்லரித்தது. குரலைப் பார்க்க முடியுமா? காலையில் தன்னைச் சீண்டிய அந்தக் குரல்... மத்தியானம் தனக்காக எழும்பாமல் போன அதே குரல்... இவ்வளவு மெல்லியதா? இவ்வளவு சின்னதா? ஒரு பூவிதழ் அளவுகூட இல்லையே... இதனிடமா நான் கோபித்துக்கொண்டேன்?

மடிப்புகள் திறந்த நேரம் பார்த்துக் குழாய் உள்ளே போனது. அவன் இருமினான். அந்த உலகமே குலுங்கியது. பிறகு அடங்கியது. வளையம் வளையமாக ஒரு நீண்ட மண்டபம்... ஈரம் மினுங்கும் சுவர்கள். முடிவில் கத்தி முனைபோல் ஒரு முகடு, அதற்கு இரு பக்கமும் இரண்டு வாசல்கள். வாசலுக்குள் வாசல்... இரண்டு நாலாகி, நாலு எட்டாகி... குளத்துத் தண்ணீர் பெரிய வாய்க்காலில் இறங்கி, சின்ன வாய்க்காலாகப் பிரிந்து, கடைசி வயலின் கடைசிப் பாத்தி வரைக்கும் போவதுபோல... யார் வெட்டினார்கள் இந்த வாய்க்கால்களை? எப்போது வெட்டினார்கள்? ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வழிகள் விரிந்தன, சுருங்கின. இடப்பக்கச் சுவர் மட்டும் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. துக்... துக்... துக்...

"பக்கத்தில இதயம்," என்றார் டொக்டர், கோயிலுக்குள் கதைப்பதுபோல மெதுவாக. "ஆயிரம் பேருக்குப் பார்த்திட்டன் பிள்ளை. இண்டைக்கும் எனக்கு இப்பிடித்தான் இருக்கு."

எல்லாருக்குள்ளும் இதுதான் இருக்கிறது. வாங்கில் இருந்து சிரித்தவர்களுக்குள், யோகலிங்கம் அண்ணைக்குள், மிளகாய்த் தோட்டத்தில் குனிந்து நிற்கும் அப்பாவுக்குள்... வெளியே தூக்குச்சட்டியோடு நிற்கும் அந்த அம்மாவுக்குள்ளும். இதைப் பார்த்த பிறகு எந்த இடம், ஆருடைய மகள் என்று எப்படிக் கேட்க முடியும்?

குழாய் வலப்பக்க வாசலில் திரும்பியது. கீழே... இன்னும் கீழே... அங்கே பாதை அடைபட்டிருந்தது. வீங்கிச் சிவந்த தசை. அதற்கு நடுவே, கறுத்துப் பருத்து...

"டொக்டர்... அது... அது நெல்லல்லோ?"

டொக்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். "கடவுளே. நெல்லேதான். சுணையோட கிடக்கு."

சயரோகமும் இல்லை, ஊர் முடிவு செய்த அந்தப் பெரிய வருத்தமும் இல்லை. சூடடிக்கிற களத்தில் காற்றோடு பறந்த ஒரு நெல், ஒரு மூச்சோடு உள்ளே போய், சுணை குத்தித் திரும்பி வர வழியில்லாமல் ஒரு வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது.

குழாய்க்குள்ளால் மெல்லிய இடுக்கி இறங்கியது. தொட்டதும் தசை கசிந்தது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு. கிருபன் உடம்பை முறுக்கி இருமினான்... இடக்கை மேலே எழும்பி அந்தரத்தில் அலைந்தது. கண்கள் பிதுங்கின. இராசேஸ்வரி தோளைப் பிடித்தார். டொக்டர் கையை அசைக்காமல் நிறுத்தினார்.

"குளிர்தண்ணி விடுங்கோ... பிள்ளை, அவனோட கதை! அசைய விடாத!"

அமராவதி அந்தக் கையை இரு கைகளாலும் பிடித்தாள். கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே அவன் காதருகே சொன்னாள்.

"கிருபன்... மூச்சு நிக்கேல்லை. நான் உள்ளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறன். போகுது... இப்ப வருது... மறுபடி போகுது. எனக்குத் தெரியுது கிருபன். உங்கட மூச்சு போய் வாறது எனக்கு வடிவாத் தெரியுது. பயப்படாதேங்கோ... இன்னும் ஒருக்கா விடுங்கோ... ஓம்... அப்பிடித்தான்..."

சிவப்பு மெல்ல மெல்ல வெளிறியது. முறுக்கியிருந்த விரல்கள் தளர்ந்தன. வழி மறுபடி தெரிந்தது.

முதல் தரம் இடுக்கி வழுக்கியது. இரண்டாம் தரமும். மூன்றாம் தரம் பிடித்தது. டொக்டர் குழாயோடு சேர்த்து மெல்ல, மெல்ல வெளியே எடுத்தார். வெள்ளைத் துணியில் விழுந்தது ஒற்றை நெல். நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே வந்தபோது சிவனேஸ்வரி சுவரோடு சாய்ந்து நின்றார். அமராவதி நடந்ததைச் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த அம்மா அப்படியே நிலத்தில் குந்தி, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அமராவதி மனப்பாடம் ஒப்புவிப்பதுபோல மிச்சத்தையும் சொன்னாள். "ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டும் குடுக்கக் கூடாது. தொண்டை விறைச்சிருக்கு, புரைக்கேறும். பிறகு முதல்ல ஒரு மிடறு பச்சைத்தண்ணி குடுத்துப் பாருங்கோ. நாளைக்கும் குரல் கரகரக்கும். சளியில கொஞ்சம் இரத்தம் வந்தாப் பயமில்லை. காய்ச்சல் லேசாக் காயலாம். ஆனா இரத்தம் கூடக் கூட வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, நெஞ்சு நொந்தாலோ உடன கொண்டுவர வேணும். இண்டைக்குச் சைக்கிள் ஓட விடாதேங்கோ. உள்ள எடுத்த சளியும் தசையும் சோதினைக்குப் போகுது, பத்து நாளில முடிவு எடுக்க வாங்கோ."

கட்டிலில் கிடந்த கிருபன் அவள் கடந்து போகையில் கையை நீட்டினான். வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது.

"அம... ரா..."

அவள் நின்றாள். அந்த வெண்முத்து மடிப்புகள் இந்த நேரம் என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். மனம் உருகியது... ஆனாலும் மத்தியானம் பட்ட காயம் உருகவில்லை.

"கதைக்க வேண்டிய நேரம் கதைக்கேல்லை," என்றாள். "இப்ப தொண்டையை அலட்டாதேங்கோ."

திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பத்து நாள். பஸ்ஸில் பக்கத்தில் தூங்கி விழும் கிழவியைப் பார்த்தால், அவருக்குள் விரிந்து சுருங்கும் வாய்க்கால்கள் தெரிந்தன. அழுகிற குழந்தையைப் பார்த்தால் அந்தச் சின்னஞ்சிறு மடிப்புகள்... உலகமே அவளுக்கு மாறிப்போயிருந்தது. எல்லாருக்குள்ளும் அந்த அதிசயம் இருந்தது. ஆனால் ஒரே ஒரு நெஞ்சைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். வந்தால் முகம் கொடுக்கக் கூடாது என்று காலையில் முடிவெடுப்பாள். வராமல் விட்டால்... என்று மாலையில் பயப்படுவாள்.

பதினோராம் நாள், மருந்துக் கட்டு எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தவள் கதவோரம் நின்றுவிட்டாள்.

வாங்கில் கிருபன் இருந்தான். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. அவனுக்கு முன்னால் தில்லைநாதன் என்ற கிழவர், தோள் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடத் தயாராக நின்றார்.

"இருங்கோ ஐயா, ஓடாதேங்கோ," என்றான் கிருபன். இருமாமல் கதைத்தான். அந்தக் குரல் இவ்வளவு தெளிவாக இருக்குமென்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. "எனக்கும் செய்தது. அந்தரந்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா செத்துப்போக மாட்டியள். உள்ள அமராவதியெண்டு ஒரு பிள்ளை நிக்கும். விசுவமடு ஆண்டியப்பற்றை மகள். தோட்டத்தில இருந்து வந்த ஆக்கள். அவா பக்கத்தில நிக்கிறாவோ எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ... என்ர மூச்சைக் காப்பாத்தினது அவாதான்."

விறாந்தை முழுக்கக் கேட்கச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவனேஸ்வரி நிமிரவில்லை.

கிழவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். கிருபன் எழுந்தான்... அவளைக் கண்டான். நேரே வந்தான்.

"முடிவு வந்திட்டுது. கிருமியும் இல்லை, புற்றும் இல்லை."

"தெரியும். சந்தோசம்."

"அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. நாள் முழுக்க யோசிச்சுப் பார்த்தன், ஏனெண்டு. அம்மாவுக்குப் பயந்து இல்லை. பழக்கம். சின்ன வயசில இருந்து அந்தக் கதையளைக் கேட்டுக் கேட்டுப் பேசாமல் இருந்த பழக்கம். அதுதான் கூட வெக்கம்... என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கேல்லை. உங்களுக்குச் சொல்ல வேணும் போல இருந்தது."

அவள் மருந்துக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கோவம் ஒண்டும் இல்லை."

"அப்ப ஏன் கண் கலங்குது?"

"தூசு..."

"இந்த மழையிலயோ?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை விசுவமடுவுக்கு வந்து உங்கட அப்பாவோட கதைக்கட்டோ?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பஸ் ஒன்பதரைக்கு," என்றாள்.

வந்தான். ஆண்டியப்பன் மிளகாய்ப் பாத்திக்குள் நின்று, மண்வெட்டியில் கையூன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"நல்ல புள்ளையாத்தான் தெரியிறீங்க தம்பி. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க அம்மா எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பாங்களா?"

கிருபன் நீண்ட நேரம் பேசாமல் நின்றான். அமராவதிக்கு அந்தப் பழைய மௌனம் ஞாபகம் வந்து நெஞ்சு பதறியது.

"தெரியாது ஐயா," என்றான் கடைசியில். "பொய் சொல்ல மாட்டன். கேட்டுக்கொண்டு வாறன்."

சித்திரைப் புதுவருடம் வந்து போயிற்று. அவனிடமிருந்து தகவல் இல்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம், வானம் மூடிக் கிடந்த நேரத்தில், படலையடியில் ஒரு உழவு இயந்திரம் வந்து நின்றது. கிருபன் இறங்கினான். அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சிவனேஸ்வரியும் இறங்கினார்.

முற்றத்துக் கதிரையில் இருந்துகொண்டு அந்த அம்மா நிலத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"ஒரே நாளில மனம் மாறிப்போச்செண்டு சொல்ல மாட்டன் ஐயா. நாலு நாள் இவனோட கதைக்கேல்லை. இவனும் ஒண்டும் சண்டை பிடிக்கேல்லை. சும்மா நித்திரை கொண்டான்... ஒரு வருசமா இருமாமல் ஒரு கண் நித்திரை கொள்ளாத பிள்ளை. பக்கத்தில இருந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தன். போய் வருது... போய் வருது... கேக்கக் கேக்க என்ர வாய் சொன்னதை நினைச்சு எனக்கே வெக்கமாப் போச்சுது."

நிமிர்ந்தார். கண்கள் நிறைந்திருந்தன.

"பிள்ளை... களைச்சுப்போய் வந்திருக்கிறன். குடிக்கத் தண்ணி தாறியே?"

அமராவதி செம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். சிவனேஸ்வரி அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்தே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். ஆண்டியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

பெரியவர்கள் கதைக்கத் தொடங்கியதும் அமராவதி பின்வளவுக்கு நழுவினாள். காய்ந்துகொண்டிருந்த உடுப்புகளை எடுக்கிற சாட்டு. முதல் துளிகள் வாழையிலையில் விழுந்தன. பின்னால் காலடிச் சத்தம்...

"நான் சொல்லிப்போட்டன். அம்மா சொல்லிப்போட்டா. உங்கட அப்பாவும் தலையாட்டிப்போட்டார்," என்றான் கிருபன். "நீங்கள் மட்டும் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

கொடிக்கயிற்றில் பிடித்த கை அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் நூறு பேருக்கு விளங்கப்படுத்துகிறவள்... இப்போது சொல் தேடித் தவித்தாள். மழை வலுத்தது. கிடைத்த சொற்கள் அப்பாவோடு கதைக்கிற வீட்டுச் சொற்கள்தான்.

"அன்னைக்கு உள்ள பார்த்தேன்ல... பயந்துட்டேங்க. இவ்வளவு பெரிய அதிசயத்த ஒரு மனுசன் தனக்குள்ள வச்சுக்கிட்டு, தெரியாமலே திரியிறாரேன்னு. இத யாரு பத்திரமாப் பார்த்துக்குவாங்கன்னு... வீட்டுக்கு வந்து அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"பிறகு?"

"பொறவு... அது நானா இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு."

அவன் இமைகளில் மழை வழிந்தது. அவள் இன்னும் ஒரு அடி கிட்ட வந்தாள்.

"இன்னும் வெளங்கலையா? எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க. ரொம்பப் புடிச்சிருக்கு."

அதைச் சொல்லும்போது அவள் தலை குனியவில்லை.